பாடத்த எளிசாக்காம எல்லாரையும் மேல கொண்டு வர முடியுமா? பெர்க்லி கால்குலஸ் கேஸ், முழுசா

1970கள்ல அமெரிக்காவுல, பெர்க்லியில இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல, முதல் வருஷ கால்குலஸ எடுத்து கடைசி வரைக்கும் நின்னு முடிச்ச கறுப்பின மாணவர்கள்ல சுமார் 60 சதவீதம் பேருக்கு டி இல்லன்னா எஃப் கிரேடுதான், அதாவது கடைசி ரெண்டு கிரேடுதான் வந்துச்சு. நடுவுல விட்டுட்டுப் போனவங்க இந்தக் கணக்குலயே இல்ல, முடிச்சவங்கள மட்டும் எடுத்தாலே இந்த நிலைமை. கால்குலஸ்ங்கறது, அதாவது நுண்கணிதம், வாசப்படி மாதிரி, அதத் தாண்டலன்னா இன்ஜினியரிங் இல்ல, பிசிக்ஸ் இல்ல, டாக்டருக்குப் படிக்கிறதும் கஷ்டம். அட்மிஷன் குடுத்து உள்ள கூப்பிட்டாச்சு, முதல் வருஷத்துலயே அடுத்த கதவு சாத்திருச்சு.

நான் முதல் வருஷ பசங்களுக்கு கணக்கு எடுக்கறேன். எல்லாருக்கும் தரமான கல்வி, யாரையும் ஒதுக்காத கல்வின்னு இப்ப எல்லா பல்கலைக்கழகமும் பேசுது, 2015ல ஐ.நா. ஏத்துக்கிட்ட நிலையான வளர்ச்சி இலக்குகள்ல நாலாவது இலக்கே அதுதான், அதுக்குள்ள 4.3ன்னு ஒரு துணை இலக்கு பல்கலைக்கழகத்தையும் சேர்த்தே சொல்லுது, 2030க்குள்ள ஆண் பெண் எல்லாருக்கும் சமமா, கட்டுப்படியாகிற செலவுல, தரமான உயர்கல்வி கிடைக்கணும்னு. இலக்கு சரிதான், நூத்துக்கு நூறு சரி. ஆனா ஒரு கிளாஸ் ரூமுக்குள்ள போய் நின்னுக்கிட்டு அத எப்படிச் செய்யறதுன்னு யோசிச்சா, எனக்கு வேற எதவிடவும் உதவுனது இந்த பெர்க்லி கேஸ்தான். கொஞ்சம் பழசு. ஆனா அங்க நடந்த தப்பும் சரி, அத அவங்க கண்டுபிடிச்ச விதமும் சரி, இன்னிக்கும் எந்த ஊர் காலேஜுக்கும் அப்படியே பொருந்துது, அதனால முழுசா எழுதறேன்.

எல்லாரும் சொன்ன நாலு காரணம்

யூரி ட்ரைஸ்மன் அப்ப அங்க ஆராய்ச்சி மாணவர். முதல் வருஷ வகுப்புகளுக்கு உதவியா இருந்த டீச்சிங் அசிஸ்டன்ட்கள்கிட்ட, உங்க கிளாஸ்ல நல்லா பண்றது யாரு, தடுமாறுறது யாருன்னு விசாரிச்சாரு. நல்லா பண்றவங்கள்ல சீன வம்சாவளி பசங்க நிறைய, தடுமாறுறவங்கள்ல கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளி பசங்க நிறைய. ஏன் இப்படின்னு பேராசிரியர்கள், நிர்வாகத்துல இருக்கிறவங்கன்னு பலர்கிட்ட கேட்டப்ப வந்த பதில் எல்லாம் சேர்ந்து நாலு காரணத்துல அடங்கிருச்சு. அவங்களுக்கு ஆர்வம் பத்தல. ஸ்கூல்ல அடித்தளம் சரியில்ல. வீட்டுல படிப்பப் பத்தி தெரியாது, ஊக்கம் குடுக்க ஆள் இல்ல. வறுமை.

இந்த நாலையும் படிக்கும்போது எனக்குத் திக்குன்னு இருந்துச்சு, ஏன்னா நாங்க டிபார்ட்மென்ட் மீட்டிங்ல ரிசல்ட் பத்திப் பேசும்போது வரிசை மாறாம இதே நாலத்தான் சொல்லுவோம். நல்லா கவனிச்சுப் பாருங்க, இந்த நாலு காரணமும் மாணவன்கிட்டயோ அவன் வீட்டுலயோ அவன் படிச்ச ஸ்கூல்லயோதான் இருக்கு. பல்கலைக்கழகத்துக்குள்ள இருக்கிற ஒரு காரணம்கூட அந்தப் பட்டியல்ல கிடையாது. கெட்ட எண்ணத்துல யாரும் அப்படிச் சொல்லல, அவங்க எல்லாம் பசங்க நல்லா வரணும்னு நெனச்சவங்கதான். பிள்ளைங்க மேல அக்கறை இருக்கிறவங்களே சொல்ற காரணமா இருக்கறதாலதான் யாரும் அத எதுத்துக் கேள்வி கேக்கறதில்ல.

ட்ரைஸ்மன் கேள்வி கேட்டாரு. 20 கறுப்பின மாணவர்கள், 20 சீன வம்சாவளி மாணவர்கள், இவங்கள எடுத்துக்கிட்டு நெருக்கமா பாக்க ஆரம்பிச்சாரு. ரூம்ல உக்கார வச்சு பேட்டி எடுத்தா உருப்படியா ஒண்ணும் வராதுன்னு சீக்கிரமே புரிஞ்சிருச்சு, கேக்கறவங்க எத எதிர்பாக்கறாங்களோ அதத்தான் பசங்க சொல்லுவாங்க. அதனால அவங்க கூடவே போயிட்டாரு, லைப்ரரிக்கு, ஹாஸ்டலுக்கு, வீட்டுக்கு. படிக்கிறத வீடியோவும் எடுத்தாங்க. சில வாரத்துல முடிச்சிரலாம்னு நெனச்ச வேலை 18 மாசம் போச்சு.

நாலு காரணமும் ஒண்ணொண்ணா சாஞ்சுச்சு. ஆர்வமா? அந்தப் பசங்கள்ல நிறைய பேரு அவங்கவங்க ஸ்கூல்ல முதல் மாணவர்கள், பெர்க்லிக்கு வந்து சேரவே அவ்வளவு தூரம் போராடினவங்க. வீட்டு ஆதரவா? பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே இவன் காலேஜ் போகணும்னு முடிவு பண்ண அப்பா அம்மா, பிள்ளை படிப்புக்காக வேலையவே மாத்திக்கிட்டவங்க. வருமானத்தையும் மார்க்கையும் சேர்த்து வச்சுப் பாத்தா எதிர்பார்த்த மாதிரி ஒட்டவே இல்ல. அடித்தளம்னு சொன்னாங்களே, அதுலதான் பெரிய அதிர்ச்சி. நுழைவுத் தேர்வு கணக்குல அதிக மார்க் வாங்குன கறுப்பினப் பையன்கள்ல பல பேரு சீக்கிரமாவே ஃபெயில் ஆயிட்டாங்க, தட்டுத்தடுமாறி பாஸ் பண்ணவங்க நடுத்தர மார்க்கோட வந்தவங்க.

அப்ப என்னதான் நடந்துச்சு

அந்த 20 கறுப்பின மாணவர்களும் சொன்ன பேச்சக் கேட்டவங்க. கிளாஸ விடல, நோட்ஸ் எடுத்தாங்க, ஹோம்வொர்க்க நேரத்துக்கு குடுத்தாங்க, ஒரு மணி நேரம் கிளாஸ்னா ரெண்டு மணி நேரம் படிங்கன்னு பேராசிரியர் சொன்னத அப்படியே கடைப்பிடிச்சு வாரத்துக்கு ஆறுலருந்து எட்டு மணி நேரம் உக்காந்தாங்க. தனியா உக்காந்தாங்க. 20 பேர்ல 18 பேரு கூடப் படிக்கிற யாரோடயும் சேர்ந்து படிச்சதே இல்ல. நண்பர்கள் வேற, படிப்பு வேற. தானா முயற்சி பண்ணி, யாரையும் நம்பாம முன்னுக்கு வந்த பசங்க, அந்தப் பழக்கம்தான் அவங்கள பெர்க்லி வரைக்கும் கொண்டு வந்துச்சு, இங்க வந்ததும் அதே பழக்கம் அவங்கள கவுத்துருச்சு.

சீன வம்சாவளி பசங்க வாரத்துக்கு 14 மணி நேரம் வாக்குல கால்குலஸ் போட்டாங்க. அதுல எட்டு, பத்து மணி நேரம் தனியாத்தான். மிச்சம் சாயங்காலம், ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டு, ஒருத்தர் போட்டத இன்னொருத்தர் சரி பாத்து, விடை மாறிச்சுன்னா எங்க மாறிச்சுன்னு தேடி, எழுதுன ஆங்கிலத்தையும் திருத்தி, பழைய கேள்வித்தாள்கள வச்சு ஒருத்தர ஒருத்தர் சோதிச்சுக்கிட்டாங்க. சில வீட்டுல அண்ணனோ சொந்தக்காரப் பையனோ வந்து கேள்வி குடுப்பாங்களாம்.

இதுல என்ன பெரிய விஷயம்னு தோணலாம், குரூப் ஸ்டடி நமக்குத் தெரியாததான்னு. கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு கணக்கு வரல. தனியா உக்காந்திருக்கிற பொண்ணு என்ன நெனைப்பா? எனக்குத்தான் வரல, நான் இந்த இடத்துக்கு லாயக்கில்லன்னு நெனைப்பா. அதே கணக்கு மேஜையச் சுத்தி உக்காந்த அஞ்சு பேருக்கும் வரலன்னா, இது நெஜமாவே கஷ்டமான கணக்கு, நாளைக்குப் போய் கேட்டுரலாம்னு முடிவாகும். கணக்கு ஒண்ணுதான், ஆனா ஒருத்திக்கு அது தீர்ப்பு, இன்னொருத்தருக்கு அது சாதாரண செவ்வாய்க்கிழமை. அது மட்டுமில்ல, மத்தவங்க எவ்வளவு படிக்கிறாங்க, எந்த மாதிரி விடை எழுதுனா மார்க் வரும், நாம எங்க நிக்கிறோம்ங்கற சேதி எல்லாம் அந்த மேஜையிலதான் கைமாறுது. பாடத்திட்டத்துல அது எங்கயும் எழுதியிருக்காது. மேஜைக்கு வந்தவங்களுக்குத் தெரியும், வராதவங்களுக்கு பரீட்சை பேப்பர் கைக்கு வரும்போதுதான் தெரியும். எட்டு மணி நேரம் ஒழுங்கா படிச்சுட்டு டி வாங்குன பையன் திகைச்சு நிக்கிறதத் தவிர என்ன செய்வான், சொன்னதையெல்லாம் செஞ்சவன் அவன்.

அவங்க செஞ்சது

பல்கலைக்கழகம் அதுக்கு முன்னாடி ஒண்ணும் பண்ணாம இல்ல. ரெமடியல் வகுப்பு, அதாவது பின்தங்கினவங்களுக்கான தனி வகுப்பு இருந்துச்சு, ட்யூட்டரிங் இருந்துச்சு. பசங்க அந்தப் பக்கமே போகல. ஸ்கூல்ல முதல் ரேங்க் எடுத்து வந்தவன, வீக் ஸ்டூடன்ட்ஸ்னு போர்டு மாட்டின ரூமுக்கு வான்னா எப்படி வருவான்? அங்க போனாலும் பழைய பாடத்தத்தான் திருப்பிச் சொல்லிக் குடுப்பாங்க, அந்த நேரத்துல கிளாஸ் இன்னும் முன்னாடி போயிருக்கும்.

1978 வாக்குல ட்ரைஸ்மன் தலைகீழா திருப்பினாரு. ரெமடியல்ங்கற பேச்சே இல்ல, இது ஹானர்ஸ் புரோகிராம், பேராசிரியர்களோட ஆதரவுல நடக்கிறது, கணக்குல சிறந்து வரணும்னு நெனைக்கிறவங்களுக்குன்னு சொல்லி கூப்பிட்டாரு. கறுப்பின, லத்தீன் வம்சாவளி மாணவர்கள்தான் பெரும்பாலும், ஆனா எல்லாருக்கும் திறந்தே இருந்துச்சு. வழக்கமான கிளாஸ் அப்படியே நடக்கும், அதே பாடம் அதே பரீட்சை, அதுக்கு மேல வாரத்துல ரெண்டு தடவ ரெண்டு ரெண்டு மணி நேரம் வொர்க்‌ஷாப். சின்னச் சின்ன குழுவா உக்காருவாங்க, கையில ஒரு வொர்க்‌ஷீட் இருக்கும். லெக்சர் கிடையாது. சொல்லிக் குடுக்கிறவர் மேஜைக்கு மேஜை நடப்பாரு, விடைய சொல்லமாட்டாரு.

அந்த வொர்க்‌ஷீட்டத்தான் நான் ரொம்ப நாள் யோசிச்சேன். அதுல இருக்கிற கணக்கு எல்லாம் ஹோம்வொர்க்க விட கஷ்டம். அவங்களே அதுக்குப் பேரு வச்சிருந்தாங்க. பரீட்சையில அடிக்கடி வரும் ஆனா ஹோம்வொர்க்ல வராது, அப்படிப்பட்ட பழகின கணக்குகள் ஒரு வகை. வேணும்னே சக்கரத்துல கட்டையப் போடற மாதிரி கணக்குகள் இன்னொரு வகை, அதப் போடும்போது அடிப்படையில எங்க ஓட்டை இருக்குன்னு தானா வெளிய வந்துரும், உதாரணத்துக்கு முழுமதிப்பு (மாடுலஸ், |x|) உள்ள ஒரு சார்பக் குடுத்து பூஜ்யத்துல வகைக்கெழு, அதாவது அந்த இடத்துல வளைவோட சாய்வு என்னன்னு கேட்டா, சூத்திரத்த மனப்பாடம் பண்ணவன் அங்க நின்னுருவான், வகைக்கெழுன்னா என்னன்னு வரையறைக்கே திரும்பிப் போயாகணும். பழைய ஸ்கூல் பாடத்துல இருக்கிற ஓட்டைய அடைச்சது இப்படித்தான், பழைய பாடத்த தனியா நடத்தி இல்ல, புதுக் கணக்கு கேக்கும்போது அந்த இடத்துலயே. மூணாவது வகை, ஒரு தேற்றம் ஏன் அந்த நிபந்தனையோட இருக்குன்னு காட்டுற எதிர் உதாரணங்கள். அப்புறம், அனுபவசாலிங்க வேகமா போடறதுக்கு வச்சிருக்கிற குறுக்கு வழிகள்.

கணக்கு கஷ்டமா இருந்ததாலதான் பேச்சு வந்துச்சு, இது முக்கியம். எளிசான கணக்கக் குடுத்து குழுவா உக்காருங்கன்னா ஆளாளுக்கு தனித்தனியா முடிச்சுட்டு கிளம்பிருவாங்க, பக்கத்துல இருக்கிறவன் எதுக்கு? தனியா போட முடியாத கணக்கு கையில இருந்தாத்தான் "நீ என்ன பண்ண?"ன்னு வாயத் திறப்பாங்க.

ரிசல்ட்டப் பாத்தா, வொர்க்‌ஷாப்புக்கு வந்த கறுப்பின, லத்தீன் வம்சாவளி மாணவர்கள் வராத தங்களோட சகாக்களைவிட மட்டுமில்ல, கிளாஸ்ல இருந்த வெள்ளை, ஆசிய மாணவர்களையும் தாண்டிட்டாங்க. நுழைவுத் தேர்வு கணக்குல 600 சொச்சம் வாங்குன கறுப்பின மாணவர்கள், 700க்கு மேல நல்லாவே வாங்குன மத்தவங்களுக்கு இணையா மார்க் எடுத்தாங்க. அதுலருந்து டாக்டர், விஞ்ஞானி, இன்ஜினியர்னு போனவங்க உண்டு, ஒரு பொண்ணு ஆக்ஸ்ஃபோர்டுல படிக்கக் குடுக்கிற ரோட்ஸ் ஸ்காலர்ஷிப் வாங்கினா. பசங்க அதே பசங்கதான். நாலு காரணமும் அவங்ககிட்ட இருந்திருந்தா அதுவும் அப்படியேதான் இருந்திருக்கும்.

எங்க நகல் எடுக்கும்போது கெட்டுப் போகுது

இந்த முறை அப்புறம் நிறைய இடத்துக்குப் போச்சு, ஆஸ்டின்ல இருக்கிற டெக்சஸ் பல்கலைக்கழகத்துல 1988லருந்து எமர்ஜிங் ஸ்காலர்ஸ்ங்கற பேர்ல நடந்துச்சு, ட்ரைஸ்மனும் அங்க போயிட்டாரு, 1992ல மக்ஆர்தர் ஃபெல்லோஷிப்ங்கற பெரிய கௌரவமும் அவருக்குக் கிடைச்சுது. ஆனா இதப் பாத்துட்டு சும்மா குரூப் ஸ்டடின்னு ஆரம்பிச்சா ஒண்ணும் நடக்காது. மேஜையப் போடறது ஈஸி. அந்த வொர்க்‌ஷீட்ட வாரா வாரம் உக்காந்து எழுதறதுக்கு பாடம் நல்லாத் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும், அவருக்கு நேரம் வேணும், அந்த வேலைக்கு மதிப்பு வேணும். பதவி உயர்வுக்கு எத்தன ஆராய்ச்சிக் கட்டுரைன்னு மட்டும் எண்ணுற இடத்துல முதல் வருஷத்துக்கு நல்ல கணக்கு எழுதறவன் முட்டாளாத்தான் பாக்கப்படுவான், இது எனக்கு ரொம்ப வேதனையான விஷயம்.

இன்னொண்ணு, இது கிளாஸுக்கு வெளிய நடந்துச்சு. கிளாஸ் உள்ள அதே லெக்சர். உள்ளயே மாத்துனா என்னன்னு பின்னாடி நிறைய பேரு பாத்துட்டாங்க. ஸ்காட் ஃப்ரீமனும் கூட இருந்தவங்களும் 2014ல அறிவியல், இன்ஜினியரிங், கணக்கு வகுப்புகள்ல செஞ்ச 225 ஆய்வுகள சேர்த்துப் பாத்தப்போ, வெறும் லெக்சர் கேக்குற வகுப்புல சராசரியா 33.8 சதவீதம் ஃபெயில், மாணவர்கள் தாங்களே வேலை செய்யற வகுப்புல 21.8 சதவீதம். நூறு பேர் இருக்கிற கிளாஸ்ல 12 பேரு. அந்த 12 பேரு யாருன்னு நமக்கு முன்னாடியே தெரியாது, அதனாலதான் நாம அவங்கள நெனைக்கிறதே இல்ல.

அப்புறம், கணக்கு வந்தாலும் வேற எதுலயாவது மாட்டுவாங்க. இதுக்கு அட்லாண்டாவுல இருக்கிற ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்த பக்கத்துல வச்சுப் பாக்கணும். 2003ல அங்க ஆறு வருஷத்துக்குள்ள டிகிரி முடிச்சவங்க 32 சதவீதம்தான், பத்து வருஷம் சொச்சத்துல 54 ஆச்சு, அதுவும் கறுப்பின மாணவர்களும் ஏழை மாணவர்களும் மத்தவங்களுக்கு சமமா முடிக்க ஆரம்பிச்சாங்க. அட்மிஷன கடினமாக்கி, நல்லா படிக்கிறவங்கள மட்டும் எடுத்து வந்த உயர்வு இல்ல இது, அந்தக் காலத்துல ஏழை மாணவர்கள் எண்ணிக்கை கூடத்தான் செஞ்சுது.

அவங்களும் அதே கேள்வியத்தான் கேட்டாங்க, நாம என்ன பண்ணி இவங்கள வெளிய தள்றோம்? பழைய ரெக்கார்ட எடுத்துப் பாத்தா ஒவ்வொரு செமஸ்டரும் ஆயிரம் பேரு வாக்குல ஃபீஸ் பாக்கிக்காக பேரு அடிக்கப்படறாங்க, அதுல நிறைய பேருக்கு பாக்கி சில நூறு டாலர்தான், சில பேருக்கு டிகிரி முடிய ஒரு செமஸ்டர்தான் மிச்சம். 2011ல சின்ன உதவித்தொகை ஒண்ணு ஆரம்பிச்சாங்க, சராசரியா 900 டாலர் வாக்குல. மாணவர் அப்ளிகேஷன் போட வேண்டியதில்ல, கஷ்டத்த எழுதி கெஞ்ச வேண்டியதில்ல, பல்கலைக்கழகமே லிஸ்ட்டப் பாத்து கணக்குல போட்டு விட்டுரும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்த அப்ளிகேஷன் இல்லாததுதான். உதவி ரொம்ப தேவைப்படறவங்கதான் ஃபார்ம் நிரப்பற வேலையில முதல்ல தோத்துப் போறவங்க.

2012ல முன்னெச்சரிக்கை சிஸ்டம் வந்துச்சு, 800க்கு மேல அறிகுறிகள தினமும் பாக்கும். உதாரணத்துக்கு, தன்னோட மேஜர்ல, அதாவது டிகிரிக்கு எடுத்த முக்கியப் பாடத்துல, முதல் கோர்ஸ்ல சி வாங்கினா முன்னெல்லாம் பாஸ்தானேன்னு விட்டுருவாங்க, ரெக்கார்டப் பாத்தா ஏ, பி வாங்குனவங்களோட ஒப்பிட்டா சி வாங்குனவங்கள்ல ரொம்பக் கொஞ்சம் பேருதான் டிகிரிய முடிச்சிருக்காங்க. இப்ப அந்த சி விழுந்ததுமே அட்வைசர் கூப்பிடுவாரு. இதுக்காக அட்வைசர்கள் 42 பேர புதுசா எடுத்தாங்க, 700 பேருக்கு மேல ஒரு அட்வைசர்னு இருந்தது 300 பேருக்கு ஒருத்தர்னு ஆச்சு. சாஃப்ட்வேர் வாங்கினதப் பத்தி மட்டும் கேட்டுட்டு அதே சாஃப்ட்வேர வாங்கிட்டு ஆள எடுக்காம விட்டா, சிவப்பு லைட் எரியும், பாக்க ஆள் இருக்காது.

சாஃப்ட்வேர்ல இன்னொரு ஆபத்தும் இருக்கு. 2021ல தி மார்க்கப்ங்கற பத்திரிகை, அமெரிக்காவுல சில பெரிய பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துன கணிப்பு சிஸ்டம்கள்ல இனத்தையும் ஒரு காரணியா சேர்த்திருக்காங்கன்னும், சில இடத்துல வெள்ளை மாணவர்களைவிட கறுப்பின மாணவர்கள நாலு மடங்கு வரைக்கும் அதிகமா ஆபத்துப் பட்டியல்ல போடுதுன்னும் வெளியிட்டாங்க. பெர்க்லியில பேராசிரியர்கள் வாயால சொன்ன அதே நாலு காரணம் இப்ப மெஷின் வாயால வருது. அட்வைசர் ஸ்கிரீன்ல சிவப்பா ஒரு பேரப் பாத்தா, உனக்கு இந்த பாடம் வேணாம்பா, ஈஸியா வேற எடுத்துக்கோன்னு சொல்லத்தான் தோணும். கூப்பிட்டு என்ன சொல்றோம்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

என் கிளாஸ்ல நடந்தது

இதெல்லாம் படிச்ச பிறகும் நான் ஒரு பெரிய தப்பு பண்ணேன், அத எழுதாம விடக்கூடாது. பார்வை இல்லாத ஒரு பொண்ணு என் கிளாஸ்ல சேர்ந்தா. நான் நோட்ஸ் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்பா போட்டுருவேன், எல்லாருக்கும் கிடைக்குதுன்னு நிம்மதியா இருந்தேன். மூணாவது வாரம் அவ வந்து, "சார், ஃபைல் எல்லாம் காலின்னு சொல்லுது சார்"ன்னா. என் லேப்டாப்ல திறந்தா 14 பக்கம் இருக்கு. அவ லேப்டாப்ல நான் ஹெட்ஃபோன மாட்டிக் கேட்டேன், திரையில இருக்கிற எழுத்த வாசிச்சுச் சொல்ற ஸ்கிரீன் ரீடர் சொன்னது ஒரே வார்த்தை, காலிப் பக்கம். ஸ்கேன் பண்ணா அது வெறும் போட்டோ, அதுல எழுத்தே கிடையாது, மெஷின் எத வாசிக்கும்? மூணு வாரமா அவளுக்கு நான் வெள்ளைப் பேப்பரக் குடுத்திருக்கேன். அந்த மூணு வாரமும் அவ ஏன் சொல்லலன்னு கேட்டேன். "எனக்குத்தான் திறக்கத் தெரியலன்னு நெனச்சேன் சார்"ன்னா. பெர்க்லியில தனியா உக்காந்து படிச்ச பையன் நெனச்சதும் இதேதான்.

அன்னிலருந்து நோட்ஸ டைப் பண்ண ஆரம்பிச்சேன், சமன்பாடுகள படமா போடாம ஸ்கிரீன் ரீடர் வாசிக்கிற மாதிரி, சமன்பாடு எழுதறதுக்குன்னே இருக்கிற மேத்எம்எல்ங்கற கம்ப்யூட்டர் குறியீட்டுல போட்டேன், படத்துக்குக் கீழ அது என்ன வளைவு, எங்க ஏறுது, எங்க வெட்டுதுன்னு ரெண்டு வரி எழுதுனேன். அதுக்கப்புறமும் ஒரு நாள் அவ கேட்டா, "சார், 'இத அங்க கொண்டு போனா இது இப்படி ஆயிரும்'னு சொல்றீங்க, எத எங்க சார்?" பல வருஷமா நான் அப்படித்தான் பாடம் எடுக்கறேன், போர்ட காமிச்சு, இது, அது, இங்க, அங்க. எக்ஸ் ஸ்கொயர வலது பக்கம் கொண்டு போறேன், குறி மாறுதுன்னு வாயால சொல்லப் பழகறதுக்கு எனக்கு ஒரு மாசம் ஆச்சு. கடைசி பெஞ்சுல போர்டு சரியா தெரியாத பையன், ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி பஸ்ல கேக்கற பொண்ணு, என் பேச்சு வேகம் பிடிபடாத வேற மொழிக்காரப் பையன், இவங்க மூணு பேருமே தனித்தனியா வந்து இப்ப நல்லாப் புரியுதுன்னு சொன்னாங்க. 2006ல வந்த ஐ.நா.வோட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில 24ஆவது பிரிவு உயர்கல்வியும் பாரபட்சமில்லாம கிடைக்கணும், அதுக்கு வேண்டிய நியாயமான ஏற்பாட்ட செஞ்சு தரணும்னு சொல்லுது. அந்த உடன்படிக்கைய நான் ஏற்கனவே படிச்சிருந்தேன். படிச்சிருந்தும், அவ ஹெட்ஃபோன என் காதுல வைக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியல.

இதுக்கு எவ்வளவு செலவாகும்னு நிர்வாகம் எப்பவும் கேக்கும், நியாயமான கேள்வி. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்துல 2007ல ஆரம்பிச்ச அசாப்ங்கற திட்டத்துல, சமுதாயக் கல்லூரி (ரெண்டு வருஷ டிகிரி தர்ற கல்லூரி) மாணவர்களுக்கு அட்வைசர், ட்யூட்டரிங், உதவித்தொகை போக மிச்சமிருக்கிற ஃபீஸுக்கு உதவி, போக்குவரத்துக்கு பாஸ் எல்லாத்தையும் சேர்த்தே குடுத்தாங்க, பதிலுக்கு முழு நேரமா படிக்கணும். குலுக்கல் முறையில பிரிச்சு ஆய்வு பண்ணதுல மூணு வருஷத்துல முடிச்சவங்க திட்டத்துல 40 சதவீதம், வெளிய 22. ஒரு மாணவருக்கான செலவு கூடுச்சு, ஆனா முடிச்சு வெளிய வந்த ஒரு பட்டதாரிக்கான செலவுன்னு போட்டா குறைஞ்சுது. பாதியில விட்டுட்டுப் போறவங்களுக்கு ஆன செலவ யாரும் தனியா எழுதி வைக்கிறதில்ல, அதனாலதான் உதவித் திட்டம் மட்டும் செலவா கண்ணுல படுது.

எங்க டிபார்ட்மென்ட்ல இந்த செமஸ்டர் ரெண்டு வேலை ஆரம்பிச்சிருக்கோம். ஒண்ணு, முதல் வருஷத்துல அதிகம் பேரு ஃபெயில் ஆகிற ஒரு பாடத்த எடுத்து, கடைசி அஞ்சு வருஷத்துல யாரு ஃபெயில் ஆனாங்க, எந்த வாரத்துல காணாமப் போனாங்க, எந்தக் கேள்விக்கு வெறும் பக்கம் விட்டாங்கன்னு பழைய விடைத்தாள்கள வச்சுப் பாக்கறோம். கூட வேலை செய்யற ஒரு மேடம் முதல் வாரமே ஒண்ணு கவனிச்சாங்க, முதல் டெஸ்ட்டுல கம்மியா வாங்குனவங்கள்ல பெரும்பாலானவங்க அதுக்கப்புறம் ஒரு தடவகூட எங்க ரூமுக்கு வந்து டவுட் கேட்டதில்ல, நல்லா வாங்குனவங்கதான் திரும்பத் திரும்ப வந்திருக்காங்க. ரூம் வாசல்ல டவுட் இருந்தா வரலாம்னு எழுதி ஒட்டியிருக்கோம், அது யார கூப்பிடுது, யார கூப்பிடலன்னு அன்னிக்குத்தான் பேசினோம்.

ரெண்டாவது, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம். ரெமடியல்னு பேரு வைக்கல. வொர்க்‌ஷீட்ட நான் எழுதறேன், ஒரு ஷீட்டுக்கு எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போகுது. போன வாரம் மேஜைக்கு எட்டு பேரு வந்தாங்க, பார்வை இல்லாத அந்தப் பொண்ணும் வந்தா. பெர்க்லி வொர்க்ஷீட்ல பாத்த அந்த முழுமதிப்பு கணக்கத்தான் குடுத்தேன். ஒரு பையன் விறுவிறுன்னு போட்டுட்டு பூஜ்யம்னு எழுதிட்டான், பக்கத்துல இருந்தவ ஒண்ணுன்னா, ரெண்டு பேரும் பேப்பர மாத்தி மாத்தி காட்டி சண்ட போட்டுக்கிட்டு இருந்தாங்க, அப்ப பார்வை இல்லாத அந்தப் பொண்ணு, "காட்டாதீங்கப்பா, வாயால சொல்லுங்க, இடது பக்கத்துலருந்து வந்தா சாய்வு என்ன?"ன்னு கேட்டா. அவன் சொல்ல ஆரம்பிச்சான், மைனஸ் ஒண்ணுன்னு சொல்லிட்டு, "வலது பக்கத்துலருந்து வந்தா"ன்னு ஆரம்பிச்சு அடுத்த வார்த்த வர்றதுக்குள்ள நின்னுட்டான். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் அவனே தன் விடைய அடிச்சான்.